420 வெள்ளி நுண்ணோக்கியும் என் பச்சை ஈக்களும்

பிராண்ட் பெயர் என்ன என்று கேட்பீர்கள். எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயனில்லை. இதே வார்ப்பு, இதே திருகு, இதே கறுப்புக் குமிழ்களோடு இந்தச் சாமான் நான்கைந்து பெயர்களில் இணையத்தில் கிடைக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் தாள்தான் கடைக்குக் கடை மாறுகிறது. 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை பெரிதாக்கும், இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, கேமராவுக்கு மூன்றாவது குழாய், ஓர் எல்இடி விளக்கு வளையம், கூடுதலாக இரண்டு லென்ஸ், ஒரு தூசி உறை. எல்லாம் சேர்த்து 420 சிங்கப்பூர் வெள்ளி. துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த காசு. எட்டு மாதமாக வாரத்துக்கு நான்கு இரவாவது அதன்முன் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே திட்டுவதற்கும் பாராட்டுவதற்கும் எனக்கு உரிமை இருக்கிறது.

எதற்கு வாங்கினேன் என்று தெரிந்தால்தான் நான் சொல்லும் குறை உங்களுக்கும் குறையா என்று தெரியும். நான் உயிரியல் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது நீள்கால் ஈக்கள். டோலிகோபோடிடே என்பது குடும்பப் பெயர். உலகம் முழுக்க 7,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலை நேரத்தில் செடி இலைமேல் பச்சை ஜிகினாப் பொட்டு மாதிரி நிற்கும். விரலை நீட்டினால் இருக்காது. பெரும்பாலும் நான்கைந்து மில்லிமீட்டர்தான். ஆனால் தன்னைவிடச் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன்.

சிங்கப்பூர்ச் சதுப்புநிலக் காடுகளில் இவை நிறைய உண்டு. அந்தக் காடுகளில் மரவகை குறைவு என்பதால் பூச்சிவகையும் குறைவாகத்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளின் டிஎன்ஏவைப் படித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கவிழ்த்துப் போட்டது. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் புட்டிகளும் அதே மாதிரிக் காடுகளில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு பொறி வைத்துப் பிடித்தவை. மலேஸ் பொறி என்று பெயர். ரெனே மலேஸ் என்கிற ஸ்வீடன்காரர், தன் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் வெளியே போக வழி தேடி மேல்மூலைக்கே ஏறுவதைப் பார்த்து, 1930களில் உருவாக்கியது. துணிக்கூடாரத்தின் உச்சியில் ஓட்டை, ஓட்டையில் எரிசாராயப் புட்டி. அவ்வளவுதான். இன்றைக்கும் அதையேதான் கட்டுகிறோம்.

புட்டியைக் கொட்டினால் ஆயிரக்கணக்கில் கிடக்கும் பூச்சிகளிலிருந்து என் ஈக்களை மட்டும் பொறுக்கி, ஆண் பெண் பிரித்து, முடிகளை எண்ணி, டிஎன்ஏ சொல்லும் கணக்கும் கண் சொல்லும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆய்வகத்தில் நல்ல நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. பல ஆயிரம் வெள்ளி. அதற்கு நான்கு மாணவர்கள் வரிசையில் நிற்கிறோம். எனக்குக் கிடைத்தது செவ்வாய் மாலையும் வெள்ளி மாலையும். வீடு இருக்கும் யீஷூனிலிருந்து பீஷானில் ரயில் மாறி, ஆய்வகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு மணி நேரம் பார்ப்பதற்கு இரண்டரை மணி நேரம் ரயிலில் என்ற கணக்கு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோவதிலும் ஒரு சிக்கல். பூச்சிகள் சாராயத்தில் இருக்கின்றன. எம்ஆர்டி ரயிலில் தீப்பற்றும் பொருள் கொண்டுபோனால் 5,000 வெள்ளி அபராதம் என்ற பலகையைத் தொடக்கப்பள்ளிக் காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன். எனவே உலர்த்தி, முக்கோண அட்டையின் நுனியில் பசை தொட்டு ஒட்டி, ஊசியில் ஏற்றியவற்றை மட்டும், பேராசிரியர் எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பெட்டியில் எடுத்து வருவேன். சும்மா காற்றில் உலரவிட்டால் கண்கள் உள்ளே குழிந்து முகமே சப்பிவிடும். அதற்கென்று இருக்கும் திரவத்தில் போட்டு ஆய்வகத்திலேயே உலர்த்திவிடுவோம்.

சரி, சாமானுக்கு வருகிறேன்.

பெட்டியைத் திறந்த முதல் நாளே தலைவலி. உவமை இல்லை, நிஜமான தலைவலி. பத்து நிமிடம் பார்த்தால் நெற்றிக்குப் பின்னால் யாரோ திருகுவது மாதிரி இருந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டினேன். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் சின்னக் கூட்டல் குறி போட்டு, 45 மடங்கில், வலது கண்ணால் பார்த்து நடுவில் நிறுத்திவிட்டு, தாளை அசைக்காமல் இடது கண்ணால் பார்த்தேன். கூட்டல் குறி வட்டத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது. இரண்டு குழாய்களும் இரண்டு வேறு இடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மூளைதான் பாவம், இரண்டையும் ஒன்றாக்கப் பாடுபடுகிறது. இந்த வகை வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். அரை நிமிட வேலை.

விற்பவர் முதலில் அனுப்பிய பதில், கண் பழகிவிடும் என்பது. படம் பிடித்து அனுப்பினேன். காணொளி கேட்டார்கள். அனுப்பினேன். கேமராக் குழாய் வழியாக எடுத்ததை ஏற்க முடியாது என்றார்கள். கடைசியில் மூன்று வாரம் கழித்துத் தலைப்பகுதியை மட்டும் புதிதாக அனுப்பினார்கள். அஞ்சல்காரர் கதவைத் தட்டாமல் வாசலில் காலணி அலமாரிமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது தலையில் கூட்டல் குறி நடுவிலேயே நின்றது. அந்த மூன்று வாரத்தில் அப்பா பத்துத் தடவையாவது திருகாணியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மின்தூக்கிப் பராமரிப்பில் முப்பது வருடம் வேலை பார்ப்பவர். மூடியிருக்கும் எதையும் திறக்காமல் அவரால் இருக்க முடியாது. உத்தரவாதத் தாள் கிழிந்தால் காசு போய்விடும் என்று சொல்லித் தடுத்து வைத்தேன்.

ஆனால் ஒரு கோளாறை அவர்தான் தீர்த்தார். தெளிவாக வைத்துவிட்டுக் கையை எடுத்தால் தலை மெல்லக் கீழே இறங்கும். பத்து நொடியில் ஈ மங்கிவிடும். பக்கத்துக் குமிழ்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகத் திருப்பினால் உள்ளே இறுகும் என்று கண்டுபிடித்தார். "லிப்ட் மாதிரிதான்மா. பாரத்தையும் தாங்கணும், நின்ன இடத்துலயும் நிக்கணும்." கூட வந்த கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. கையேடு என்பதே ஒரே ஒரு தாள்தான். அதில் பாதி, சூரியனைப் பார்க்காதே என்ற எச்சரிக்கை.

கையேடு சொல்லாத இன்னொன்று. 45-இல் தெளிவாக்கிவிட்டு 7-க்கு வந்தால் மங்குகிறது என்று பலர் இந்த வகையைக் குறை சொல்கிறார்கள். கோளாறு இல்லை. முதலில் 45-இல் வைத்துப் பெரிய குமிழால் தெளிவாக்குங்கள். பிறகு 7-க்கு இறக்குங்கள். பெரிய குமிழைத் தொடாமல், கண் குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருப்புங்கள். ஒரு தடவை செய்துவிட்டால் அப்புறம் எந்த மடங்குக்குப் போனாலும் தெளிவாகவே நிற்கும். வீட்டில் வேறு யாராவது திருகிவிட்டுப் போனால் மறுபடி செய்ய வேண்டும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது 180 மடங்கு. எப்படி வருகிறது என்று கூட்டிக் காட்டுகிறேன். உள்ளே இருக்கும் லென்ஸ் 0.7 முதல் 4.5 வரை. கண்ணில் வைப்பது 10. பெருக்கினால் 7 முதல் 45. அதுதான் நிஜம். கூடுதலாகக் கொடுத்த 2 மடங்கு லென்ஸைக் கீழே மாட்டி, இன்னும் காசு கொடுத்து 20 மடங்குக் கண் லென்ஸை மேலே மாட்டினால் 180. கண் லென்ஸை மாற்றிப் பெரிதாக்குவதில் புதிதாக எதுவும் தெரியாது. மங்கலாகத் தெரிந்தது பெரிய மங்கலாகத் தெரியும். கீழே மாட்டும் 2 மடங்கு லென்ஸாவது உண்மையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆனால் அதை மாட்டினால் லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே 10 செண்டிமீட்டர் இருந்த இடம் 3 செண்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடுக்கில் இடுக்கியும் நுழைய வேண்டும், வெளிச்சமும் நுழைய வேண்டும், என் கையும் நுழைய வேண்டும். முதல் வாரத்தில் ஓர் ஆண் ஈயின் நடுக்காலை அப்படித்தான் உடைத்தேன். லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டேன். இன்னும் அங்கேயே கிடக்கிறது.

மாறாக 0.5 லென்ஸை யாரும் பேசுவதே இல்லை. அதை மாட்டினால் பெரிதாக்குவது பாதியாகும்; இடைவெளி 16 செண்டிமீட்டருக்கு மேல் போகும். ஒரு பெட்ரி தட்டு நிறையப் பூச்சிகளைக் கொட்டிப் பொறுக்குவதற்கு அதைவிடச் சுகம் வேறில்லை. இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1854-இல் இங்கே வந்தபோது புக்கிட் தீமா பக்கத்தில் இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார், அதுவும் பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டிலிருந்து. அவரிடம் 180 மடங்கு இல்லை.

இப்போது விளக்கு. இந்தக் கருவியில் எனக்கு உண்மையான மனத்தாங்கல் இதில்தான்.

கூட வரும் வளையத்தில் 144 எல்இடி. லென்ஸைச் சுற்றி மாட்டி எரியவிட்டால் கண் கூசும் வெளிச்சம். நாணயம், துணி, மண், செல்பேசிப் பலகை என்று எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது; விமர்சனம் எழுதுகிறவர்கள் நாணயத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். என் ஈயை வையுங்கள். அதன் முதுகு ஒரு வளைந்த பச்சைக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் 144 வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகத் தெரியும். முதுகில் எத்தனை முடி, எத்தனை வரிசை, நடுவரிசை இரட்டையா ஒற்றையா என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். புள்ளிகளின் நடுவே முடியைத் தேடுவது, தீபாவளிச் சமயத்தில் சிராங்கூன் சாலை விளக்குகளுக்கு நடுவே நட்சத்திரம் தேடுவது மாதிரி. வெளிச்சத்தைக் குறைத்தால் புள்ளிகள் மங்கும், முடியும் சேர்ந்து மங்கும். செல்பேசியில் எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு.

தீர்வுக்கு ஆன செலவு 30 காசு. உணவங்காடியில் சூப் பொட்டலம் கட்டித் தரும் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஓர் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு வட்டம் வெட்டி, பூச்சிமேல் கவிழ்த்து, வட்டத்தின் வழியாகப் பார்க்க வேண்டும். வளையத்தை அணைத்துவிட்டு மேசை விளக்கை டப்பாவின் பக்கவாட்டில் வைத்தேன். டப்பா முழுவதும் ஒரே விளக்காக மாறிவிட்டது. முதுகில் இருந்த புள்ளிகள் மறைந்து, பச்சைக்குள் செம்பு நிறமும் கொஞ்சம் ஊதாவும் ஓடுவது தெரிந்தது. ஒவ்வொரு முடியும் தன் அடியில் இருக்கும் சின்னக் குழியோடு நின்றது. எண்ணினேன். இரண்டு வரிசை. மூன்று மாதமாக ஒற்றை வரிசை என்று எழுதி வைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய அடி அடுத்த மாதம் விழுந்தது. ஒரே இனம் என்று நான் சேர்த்து வைத்திருந்த 31 ஆண் ஈக்களின் டிஎன்ஏ முடிவு வந்தது. விலங்குகளை அடையாளம் காண எல்லோரும் படிக்கும் ஒரு மரபணுத் துண்டு உண்டு. 658 எழுத்து நீளம். 2003-இல் கனடாவில் பால் ஹெபர்ட் குழுவினர் முன்மொழிந்ததிலிருந்து, கடையில் பொருளுக்கு இருக்கும் பட்டைக்கோடு மாதிரி இதைப் பயன்படுத்துகிறார்கள். என் 31-உம் ஒரே கொத்தாக வராமல் 19, 12 என்று இரண்டு கொத்தாகப் பிரிந்திருந்தன. நடுவே ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். பேராசிரியரிடம் காட்டினேன். திரையை ஒரு தடவை பார்த்தார். "காலைப் போய்ப் பாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

காலை ஏன் பார்க்கச் சொன்னார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் குடும்பத்தில் பல இனங்களில் ஆண் ஈ பெண்முன் வந்து நின்று காலைத் தூக்கி ஆட்டிக் காட்டும். அதனால் ஆணின் காலில் என்னென்னவோ அலங்காரம்: கொடி மாதிரி அகன்ற துண்டு, வெள்ளி மினுக்கு, சுருண்ட முடி. எந்தக் காலாட்டத்துக்குப் பெண் மசிகிறதோ அந்தக் கால் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. உடம்பில் மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போதே கால் மட்டும் வேகமாக மாறிக்கொண்டு போகும். பெண்களை வைத்துப் பிரிக்கவே முடியாது. பக்கத்துப் பக்கத்து இனத்துப் பெண்கள் அச்சு அசல் ஒன்றுதான்.

அன்றைக்கு இரவு பதினொன்றுக்கு டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். வளைய விளக்கில் இரண்டு கொத்துக்கும் முன்கால் நுனி கறுப்பு, அவ்வளவுதான். டப்பா வெளிச்சத்திலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஊசியைக் கால்வாசி வட்டம் திருப்பினேன். பத்தொன்பதில் ஒன்று: நுனித் துண்டுகள் இரண்டும் ஒரு பக்கமாகச் சப்பையாகி, அந்தப் பக்கத்தில் மட்டும் மெல்லிய வெள்ளி. பன்னிரண்டில் ஒன்றை வைத்து அதே கோணத்துக்குத் திருப்பினேன். சப்பை இல்லை, வெள்ளி இல்லை. அடிப்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை முடி, நுனி வளைந்து. மீதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்போது மணி மூன்று. 31-உம் டிஎன்ஏ சொன்ன இடத்தில் போய் விழுந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு முன்கால்களே இல்லை.

புது இனமா என்று நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாராவது ஏற்கெனவே பெயர் வைத்திருக்கலாம். பழைய விவரிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது நடக்கும் வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதும் தனிக்கேள்வி. வில்லி ஹென்னிக் என்கிற ஜெர்மானியர், அவரும் ஈக்காரர்தான், 1950-இல் எழுதியதைத்தான் இதற்கு இன்னமும் அடிப்படையாக வைக்கிறோம்: பழைய மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த சொத்து உறவைக் காட்டாது, இடையில் புதிதாகத் தோன்றி ஒரு சிலருக்குள் மட்டும் பங்குபோட்டுக்கொண்ட சொத்துதான் காட்டும். ஆறு கால் இருக்கிறது என்பதை வைத்து என் ஈக்களை ஒரு குடும்பமாக்க முடியாது. அந்த வெள்ளி மினுக்கு வேறு இனத்திலும் இருந்தால், அதை வைத்து உறவு சொல்ல முடியலாம்.

பாட்டிக்கு இதெல்லாம் வேடிக்கை. ஒரு நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது ஈயா, கொசுவா?" என்றார். இரண்டும் ஒரே வரிசைதான் பாட்டி என்றேன். பூச்சிகளைப் பிரிக்கும் பெரிய பிரிவுக்கு வரிசை என்று பெயர். நம்பவில்லை. தாழ்வாரத்தில் கிடந்த கொசு ஒன்றை எடுத்து வைத்துக் காட்டினேன். இரண்டே இறகு, பின்னிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி மாதிரி ஒரு குமிழ், பறக்கும்போது தள்ளாடாமல் இருக்க. என் பச்சை ஈயிலும் அதே இடத்தில் அதே குண்டூசி. அது ஆண் கொசு. உணர்கொம்பு இரண்டும் சின்ன இறகு விசிறி மாதிரி விரிந்திருந்தன. தேசியச் சுற்றுப்புற வாரியம் வோல்பாக்கியா கிருமி ஏற்றிய ஆண் கொசுக்களை எங்கள் யீஷூனில் பல வருடமாக விட்டு வருகிறது. அவை கடிக்காது, அவற்றோடு கூடிய ஏடிஸ் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. "காசு கொடுத்துக் கொசு வளக்கிறானுங்க" என்று திட்டிக்கொண்டிருந்தவர், விசிறியைப் பார்த்த பிறகு, "ஆம்பளைக்குத்தான் இவ்வளவு சிங்காரமா" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

தேனீக்குப் பெயரில்தான் ஈ. நான்கு இறகு, எறும்புக்கும் குளவிக்கும் சொந்தம். கரையானும் கரப்பானும் பெயரில் ஒட்டிப் பிறந்த மாதிரியே உறவிலும் ஒட்டித்தான் இருக்கின்றன. கரையான் தனி வரிசை இல்லை, கரப்பான் கூட்டத்துக்குள் முளைத்த ஒரு கிளை என்று 2007-இல் டிஎன்ஏவை வைத்துக் காட்டினார்கள். உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர் தொல்காப்பியத்தின் அறிவுக் கணக்கை நடத்தியபோது நண்டையும் தும்பியையும் ஒரே படியில், நான்கறிவில், வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தொல்காப்பியர் எண்ணியது புலன்களை, வம்சத்தை இல்லை. ஆனாலும் பூச்சிகள் எல்லாம் நண்டு, இறால் இவற்றின் கிளைக்குள்ளிருந்து வந்தவை என்பதுதான் இன்றைக்கு ஏற்றுக்கொண்ட குடும்ப மரம் என்று படித்த அன்று அந்த வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

இனி வீட்டில் வைத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்த ஊரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னிவிடும். தூசி உறை இதில் நமக்கு எதிரி. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஒற்றைத் திருகைத் தளர்த்தினால் தலை கழன்றுவிடும். வேலை முடிந்ததும் அதை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா மணிகளோடு வைத்துவிடுகிறேன். எட்டு மாதத்தில் பூஞ்சை இல்லை.

இரண்டாவது விஷயம், எறும்பு. இது முழுக்க என் தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தலை கறுத்து உடம்பு வெளுத்த அந்தப் பொடி எறும்புகள் வரிசை போட்டிருந்தன, சமையலறையில் சர்க்கரை டப்பாவைச் சுற்றும் அதே கூட்டம். 118-ஆம் எண் ஈயின் தலை போய்விட்டது. ஆய்வு முடிந்ததும் இந்தப் பூச்சிகள் எல்லாம் கெண்ட் ரிட்ஜில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகச் சேகரிப்புக்குப் போக வேண்டியவை. பேராசிரியரிடம் சொல்லும்போது தொண்டை அடைத்தது. டிஎன்ஏ எடுத்தாகிவிட்டது, படமும் இருக்கிறது, சீட்டில் "தலை இல்லை" என்று எழுதி ஊசியிலேயே குத்தி வை என்றார். இப்போது பெட்டியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கிண்ணம் கவிழ்த்து மேலே வைக்கிறேன். பாட்டியின் சர்க்கரை டப்பா உத்தி.

கேமராக் குழாய் சுமார். குழாயைத் திறந்தால் இடது கண் இருண்டுவிடும், ஆகவே படம் எடுத்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. ஆய்வேட்டில் போடுகிற தரம் வராது. பேராசிரியருக்கு இரவில் அனுப்பிச் சந்தேகம் கேட்கப் போதும். ரப்பர் கண்மூடி இரண்டாம் மாதமே பிய்ந்துவிட்டது. கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. உயரம் எனக்குக் கொஞ்சம் அதிகம், நாற்காலியில் தலையணை போட்டிருக்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், லென்ஸுக்கு நான்கு, தாங்கிக்கு மூன்று, விளக்குக்கு ஒன்று. பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று அக்கா ஒருவர் கேட்டார். பிள்ளைக்குப் பூச்சி பிடிக்குமா என்பதை முதலில் பத்து வெள்ளிக் கைலென்ஸ் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். என்னைப் போல இளநிலை ஆய்வு செய்பவர்கள் வாங்கலாம். விளக்கு வளையம் இல்லாமல் தனியாகத் தருகிறார்களா என்று கேளுங்கள், ஐம்பது வெள்ளியாவது குறையும். அந்தக் காசுக்கு வளைகழுத்து மேசை விளக்கு இரண்டு வாங்குங்கள். சூப்பையும் குடித்துவிடுங்கள், டப்பா வேண்டும்.

ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்ததும் இதை விற்றுவிடுவதாகத்தான் இருந்தேன். போன வாரம் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அப்பா என் தலையணைமேல் உட்கார்ந்து, டப்பாவைக் கவிழ்த்து, பழைய ரிலே சுவிட்ச் ஒன்றின் செம்புமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழி விழுந்திருக்கிறதாம், நிலாவில் இருப்பது மாதிரி. கேமராக் குழாய் வழியாக எடுத்து வேலையிடத்துக் குழுவில் போட்டுவிட்டார். என் கண் வளையத்தையும் திருகிவிட்டார்.